விற்க மனம் வராத கைத்துப்பாக்கிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க வீடுகளில் தலைமுறை தாண்டி நிற்கும் பழைய ரிவால்வர், பிஸ்டல்களைப் பற்றிய கேள்விகள் இவை. புதிதாக எதை வாங்கலாம் என்பதற்கு இங்கே பதில் கிடைக்காது. கையில் இருப்பதைக் கெடுக்காமல் வைத்திருப்பது எப்படி, அதன் பூர்வீகத்தைக் கண்டுபிடிப்பது எப்படி, அடுத்தவர் கைக்கு அது எந்த வழியில் போகும் என்பவைதான் பேச்சு.

எந்தத் துப்பாக்கிகளை ஆட்கள் இப்படி விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள்?

பட்டியலில் முதலில் வருவது கோல்ட் பைத்தான். (இந்தக் கோல்ட் தங்கமல்ல, 1836-இல் சுழல் துப்பாக்கிக்குக் காப்புரிமை வாங்கிய சாமுவேல் கோல்ட்டின் பெயர்.) அடுத்து 1873-இல் வந்த கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி. அமெரிக்க ராணுவம் 1911 மார்ச் 29 அன்று ஏற்றுக்கொண்டு 1985 வரை தன் முதன்மைப் பிஸ்டலாக வைத்திருந்த, ஜான் பிரௌனிங் வடிவமைத்த .45 பிஸ்டல். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1935 முதல் 1939 வரை ஆர்டரின் பேரில் செய்து, வாங்கியவர் பெயருக்குப் பதிவுச் சான்றிதழும் கொடுத்த ‘ரெஜிஸ்டர்டு மேக்னம்’. இதன் முதல் துப்பாக்கி எஃப்.பி.ஐ. தலைவர் ஹூவருக்குப் போனது. இரண்டாம் உலகப்போர் முடிந்து திரும்பிய சிப்பாய்கள் பையில் கொண்டுவந்த ஜெர்மன் லூகர், வால்தர் பிஸ்டல்கள்.

உண்மையில் அதிகம் பேர் விற்க மறுப்பது இவற்றில் எதையும் அல்ல. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1899 முதல் செய்துவரும் ‘மிலிட்டரி அண்ட் போலீஸ்’ .38, பிற்காலத்து மாடல் 10. 60 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. சந்தையில் பெரிய விலை கிடையாது. ஆனால் போலீஸ்காரராக இருந்த தாத்தா முப்பது வருடம் இடுப்பில் கட்டியது என்றால், வாங்க வருபவர் சொல்லும் விலைக்கும் வீட்டில் அதற்கு இருக்கும் மதிப்புக்கும் ஒட்டே இராது. கீழே சொல்லும் பராமரிப்பு விலை உயர்ந்ததற்கும் இதற்கும் ஒன்றுதான்.

பைத்தானில் அப்படி என்ன இருக்கிறது?

1955-இல் .357 மேக்னம் தோட்டாவுக்காக வந்தது. பேரலுக்கு (குழலுக்கு) மேல் துளையிட்ட பட்டை, அடியில் முனைவரை ஓடும் கனமான உலோகம். இதெல்லாம் தோற்றம். விஷயம் உள்ளே: பாகங்களைக் கையால் அரத்தில் இழைத்து ஒன்றோடொன்று பொருத்தினார்கள். ட்ரிகரை முழுதாக இழுத்துப் பிடித்திருக்கும்போது, தோட்டா அறைகள் உள்ள சுழல் உருளையான சிலிண்டர் இம்மியும் ஆடாது. ‘ராயல் புளூ’ என்ற கருநீல மெருகு வந்தது பூச்சினால் அல்ல. அதற்கு முன் உலோகத்தைக் கண்ணாடி போலத் தேய்த்த உழைப்பினால். இந்த வேலைக்குக் கூலி கட்டுப்படியாகாமல்தான் நிறுவனம் ஒரு கட்டத்தில் உற்பத்தியை விட்டது. 2020-இல் அதே பெயரில் துருப்பிடிக்காத எஃகில் மறுபடி வந்தது. அது நல்ல துப்பாக்கிதான், ஆனால் உள்ளமைப்பு வேறு. பழையதற்கு மாற்று என்று நினைத்து பழையதைக் கொடுத்துவிடாதீர்கள்.

அலமாரியைத் திறந்தால் ஒரு பழைய துப்பாக்கி. முதலில் என்ன செய்ய வேண்டும்?

தோட்டா இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். குழல் யாரும் இல்லாத, குண்டு பாய்ந்தாலும் தாங்கும் பக்கம் இருக்கட்டும். விரல் ட்ரிகருக்கு வெளியே.

சிலிண்டர் வெளியே சாயும் ரிவால்வர் என்றால் இடப்பக்கம் ஒரு தாழ் இருக்கும். கோல்ட்டில் அதைப் பின்னால் இழுக்க வேண்டும், ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் முன்னால் தள்ள வேண்டும். திறக்கவில்லையே என்று பலவந்தப்படுத்துவதில் பாதி, ஒன்றை மற்றொன்று என்று நினைத்துச் செய்வதுதான். சிலிண்டர் வெளியே சாய்ந்ததும் எல்லா அறைகளையும் பாருங்கள்.

பிஸ்டலில் வரிசை முக்கியம். முதலில் தோட்டாப் பெட்டியான மேகசினைக் கழற்றுங்கள், பிறகு மேலே நகரும் பாகமான ஸ்லைடைப் பின்னே இழுத்துப் பூட்டி, அறைக்குள் பார்த்து, சுண்டுவிரலை விட்டும் தடவிப் பாருங்கள். இதை மாற்றி, ஸ்லைடை முதலில் இழுத்தால் ஒரு தோட்டா வெளியே விழும், இன்னொன்று உள்ளே ஏறிவிடும். அப்புறம் மேகசினைக் கழற்றிவிட்டுக் காலி என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். விபத்துகளில் நிறைய இந்த வரிசைப் பிழைதான்.

பழக்கமே இல்லாதவர் தொடாமல், உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக்கை வீட்டுக்கு அழைப்பது மேல்.

நிறம் மங்கிவிட்டது. மறுபடி புளூயிங் செய்து புதிதுபோல் ஆக்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

புளூயிங் என்பது மேலே பூசும் வண்ணம் அல்ல. எஃகின் மேற்பரப்பே கட்டுப்படுத்திய முறையில் ஆக்ஸைடாக மாறிய மெல்லிய தோல் அது. புதிதாக ஏற்ற வேண்டுமானால் பழையதைச் சுரண்டி உலோகத்தை மறுபடி மெருகேற்ற வேண்டும். மெருகுச் சக்கரத்தில் கொடுத்த உடனே கூரான விளிம்புகள் மழுங்கும், பொறித்த எழுத்துகள் ஆழம் குறையும், திருகு துளைகளின் ஓரம் கிண்ணம்போல் குழியும். இந்த மூன்றையும் பார்த்துத்தான் சேகரிப்பாளர்கள் ‘இது திரும்பப் பூசியது’ என்று ஒரு நொடியில் சொல்கிறார்கள். பதிவெண் மங்கிப்போனால் சட்டச் சிக்கலும் சேரும். விலை பாதிக்குக் கீழே போவதும் சாதாரணம்.

அரிய மாடல்களில் இது இன்னும் வலிக்கும். சிங்கர் தையல் இயந்திர நிறுவனம் 1941-இல் ராணுவத்துக்காக .45 பிஸ்டல் வெறும் 500 செய்தது. அதில் ஒன்றைப் பளபளப்பாக்குவது பழைய செப்பேட்டை உப்புத்தாளால் தேய்ப்பது போல.

கடையில் புட்டியில் விற்கும் குளிர் புளூயிங் திரவமும் வேண்டாம். நிறம் திட்டுத்திட்டாக நிற்கும், சில மாதத்தில் பழுப்பாகும், அதன் வாடையும் எளிதில் போகாது.

சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியின் சட்டத்தில் (உடற்பகுதியில்) தெரியும் நீலம், பழுப்பு, வைக்கோல் நிறக் கலவை வேறு வகை. எலும்பும் கரியும் சேர்த்துச் சூடேற்றித் தண்ணீரில் அமிழ்த்தியதால் வந்த நிறங்கள் அவை. வெயிலில் வெளிறும். கண்ணாடிப் பெட்டியில் ஜன்னலோரம் வைத்தவர்கள் நிறைய இழந்திருக்கிறார்கள்.

அப்படியானால் துருவை என்ன செய்வது?

துருவை எடுக்கலாம், எடுக்கத்தான் வேண்டும். சுற்றியிருக்கும் நிறத்தைத் தொடாமல் எடுப்பதுதான் வேலை.

துரு இருக்கும் இடத்தில் மெல்லிய துப்பாக்கி எண்ணெய் சில சொட்டு விட்டு ஒரு நாள் ஊற விடுங்கள். மறுநாள், மிக நுண்ணிய எஃகுப் பஞ்சில் பட்டாணி அளவு கிள்ளி, அதையும் எண்ணெயில் நனைத்து, விரல்நுனியால் மெதுவாக வட்டமாகத் தேயுங்கள். பஞ்சு ‘0000’ எண் கொண்டதாக இருக்க வேண்டும். அடுப்படியில் பாத்திரம் தேய்க்கும் பஞ்சு மிகவும் முரடு. வெண்கலப் பஞ்சு கிடைத்தால் இன்னும் பத்திரம். பத்துப் பதினைந்து தேய்ப்புக்கு ஒருமுறை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் சிவந்த பழுப்பு வந்தால் துரு வருகிறது என்று அர்த்தம். கறுப்போ நீலமோ வர ஆரம்பித்தால் நிறுத்துங்கள், இனி போவது பூச்சு.

துரு போனபின் அடியில் ஊசி குத்திய மாதிரி குழிகள் தெரியலாம். அவை போகாது. அப்படியே விட்டு எண்ணெய் தடவுங்கள்.

செய்யக் கூடாதது: வினிகர், எலுமிச்சை, துரு நீக்கும் கரைசல். துருவும் புளூயிங்கும் இரண்டுமே இரும்பு ஆக்ஸைடு. அமிலத்துக்கு வித்தியாசம் தெரியாது. ஊறவைத்து எடுத்தால் துப்பாக்கி வெள்ளையாக வெளியே வரும்.

நிக்கல் முலாம் போட்டதில் இன்னொரு எச்சரிக்கை. பல பழைய முலாம்களில் நிக்கலுக்கு அடியில் செம்புப் படலம் உண்டு. செம்புக் கறையை எடுக்கும் அம்மோனியா கலந்த கரைசல், கீறல் வழியே உள்ளே போய் அந்தப் படலத்தை அரித்துவிடும். நிக்கல் தோல் தோலாக உரியும்.

பழைய தோலுறையோடு வந்தது. அதிலேயே வைக்கலாமா?

உறை வேறு இடம், துப்பாக்கி வேறு இடம். தோல் காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பதனிட்டபோது சேர்ந்த உப்பும் அமிலமும் அதில் இருக்கும். உறையில் பல வருடம் கிடந்த ரிவால்வரில் உறையின் தையல் வரிகூடத் துருவாகப் பதிந்திருப்பதைப் பார்க்கலாம். தோட்டா வார்களில் செருகிய பித்தளைத் தோட்டாக்கள் பச்சைக் களிம்பு பிடிப்பதும் இதனால்தான். ஸ்பாஞ்சு வைத்த பெட்டியும் இதே வேலையைச் செய்யும். கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர மட்டும் அது சரி. உறையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், குறிப்பாக ராணுவ முத்திரை இருந்தால்.

வருடக்கணக்கில் வைக்க என்ன தடவுவது?

முதலில் கைரேகைகளைத் துடையுங்கள். வியர்வை உப்பு ஒரு வாரத்தில் ரேகை வடிவத்திலேயே துருவை வரைந்துவிடும். பருத்திக் கையுறை போட்டு வேலை செய்தால் இந்தத் தொல்லை இல்லை.

அவ்வப்போது எடுத்துப் பார்ப்பவருக்கு மெல்லிய எண்ணெய்ப் படலம் போதும்: துணியில் தோய்த்து, தடவி, இன்னொரு துணியால் கிட்டத்தட்ட முழுக்கத் துடைத்து. சொட்டச்சொட்ட விட்டால் எண்ணெய் கைப்பிடி மரத்துக்குள் இறங்கி அதைக் கறுப்பாக்கி மென்மையாக்கும். உள்ளே தேங்கியது பிசினாக இறுகி, தோட்டாவை அடிக்கும் சுத்தியலான ஹேமரை மந்தமாக்கும். தொடாமல் வைப்பவருக்கு நுண்படிக மெழுகு நல்லது. ‘ரினேசான்ஸ்’ என்ற பெயரில் கிடைப்பது பிரிட்டிஷ் மியூசியத்துக்காக உருவானது. கடுகளவு எடுத்து மெல்லப் பரப்பி, உலர்ந்ததும் துடைத்தால் விரல் பட்டாலும் ரேகை நிற்காது.

பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் ஈரப்பதம் 45 முதல் 50 விழுக்காடு இருக்கட்டும். அதற்கு மேல் போனால் உலோகத்துக்கு ஆபத்து, 30-க்குக் கீழே போனால் மரமும் தந்தமும் வெடிக்கும். சின்ன ஈரமானி ஒன்றை உள்ளே வையுங்கள். சிலிகா ஜெல் போட்டுவிட்டு மறந்துபோகிறவர்கள் ஏராளம். நிறம் மாறியதும் 120 டிகிரி செல்சியஸ் சூட்டில் சில மணி நேரம் அடுப்பில் வைத்தால் மறுபடி பயன்படும்.

கைப்பிடியையும் பக்கத்தகட்டையும் கழற்றிப் பார்க்கலாமா?

கைப்பிடியை வருடத்துக்கு ஒருமுறை கழற்றத்தான் வேண்டும், வியர்வை தேங்குவது அதன் அடியில்தான். திருகை முழுக்க எடுக்காதீர்கள். நான்கைந்து சுற்றுத் தளர்த்தி, திருகின் தலையைக் கட்டைவிரலால் உள்ளே அழுத்தினால் எதிர்ப்பக்கப் பலகை தானாக எழும்பும். அதை எடுத்துவிட்டு, இந்தப் பக்கத்தை உள்ளிருந்து தள்ளுங்கள். ஸ்க்ரூடிரைவர் முனையை இடுக்கில் விட்டு நெம்பினால் மரத்தின் ஓரம் சிம்பு பெயரும். பழைய கைப்பிடி பலவற்றில் அந்தத் தழும்பு இருக்கும்.

சாதாரண ஸ்க்ரூடிரைவர் முனை ஆப்புபோல் சரிந்திருக்கும், திருகின் வெட்டில் மேலே மட்டும் பிடித்து நழுவிக் கீறும். இரு பக்கமும் இணையாகக் கடைந்த துப்பாக்கி வேலை முனை வாங்குங்கள்.

உள்பாகங்களை மூடும் பக்கத்தகட்டைக் கழற்றாமல் இருப்பதே பலருக்கும் நல்லது. கழற்றியே ஆக வேண்டிய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்றால்: திருகுகளை எடுத்த வரிசையிலேயே அட்டையில் குத்தி வையுங்கள், ஏனெனில் முன்திருகு சிலிண்டர் தாங்கியைப் பிடிப்பதற்காக இழைத்துப் பொருத்தியது, இடம் மாறக் கூடாது. பிறகு தகடு மேலே தெரியும்படி பேரலைப் பிடித்துக்கொண்டு, கைப்பிடிச் சட்டத்தை மரச்சுத்தியின் பிடியால் தட்டிக்கொண்டே இருங்கள். அதிர்வில் தகடு கொஞ்சம் கொஞ்சமாக எழும்பி வந்துவிடும். நெம்பினால் விளிம்பு மடங்கும். அந்தத் தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே கோடே தெரியாமல் இருந்தது இனி என்றைக்கும் தெரியும்.

பைத்தான் ‘டைமிங்’ போய்விட்டது என்கிறார்களே, எப்படிப் பார்ப்பது?

காலித் துப்பாக்கி என்று இருமுறை உறுதிசெய்துவிட்டு, இடக்கை விரலை சிலிண்டர் மேல் இலேசாக உராயும்படி வையுங்கள். ஹேமரைக் கட்டைவிரலால் மிக மெதுவாகப் பின்னே இழுங்கள். ஹேமர் கடைசி நிலையில் நிற்பதற்குள் சிலிண்டர் பூட்டும் ‘க்ளிக்’ கேட்க வேண்டும். ஹேமர் நின்றபிறகும் சிலிண்டர் பூட்டாமல், விரலால் தள்ளினால்தான் பூட்டுகிறது என்றால் டைமிங் தளர்ந்திருக்கிறது. ஆறு அறைக்கும் தனித்தனியாகப் பாருங்கள்; ஒன்றிரண்டில் மட்டும் வருவதுண்டு.

காரணம், சிலிண்டரைத் தள்ளும் ‘ஹேண்ட்’ என்ற சிறு துண்டு. பழைய கோல்ட் அமைப்பில் அது சுடும் நொடியிலும் சிலிண்டரை அழுத்திக்கொண்டே இருக்கும். ஆடாமல் நிற்பதும் அதனால்தான், தேய்வதும் அதனால்தான். சிலிண்டரைத் திரைப்பட பாணியில் மணிக்கட்டை உதறி மூடும் பழக்கம் சிலிண்டர் தாங்கியை வளைத்துவிடும். சரிசெய்யப் பழைய கோல்ட் வேலை தெரிந்தவரையே தேடுங்கள். அப்படிப்பட்டவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், மாதக்கணக்கில் காத்திருக்க நேரும்.

இதை வைத்துச் சுடலாமா?

மெக்கானிக் பார்த்துச் சரி என்றால் சுடலாம். தோட்டாவில்தான் தவறு நடக்கும்.

.38 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், .38 ஸ்பெஷல் இரண்டும் வேறு வேறு. முன்னது குட்டை, பருமன். பெயரில் உள்ள எண் ஒன்று என்பதால் குழப்பிக்கொள்கிறார்கள்.

பிரிட்டிஷ் வெப்லி .455 ரிவால்வர் விஷயம் அதைவிட மோசம். உபரியாக அமெரிக்காவுக்கு வந்தபோது .455 தோட்டா கிடைக்காததால், பலவற்றின் சிலிண்டரின் பின்புறத்தைக் கடைந்து, அமெரிக்க ராணுவப் பிஸ்டலின் .45 ஏ.சி.பி. தோட்டாவைப் போடும்படி மாற்றி விற்றார்கள். பொருந்தும், வெடிக்கவும் செய்யும். ஆனால் ஆலையில் செய்யும் .45 ஏ.சி.பி.யின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 21,000 பவுண்டு வரை போகலாம். வெப்லி அதற்காகச் செய்யப்பட்டதல்ல. சிலிண்டர் பிளந்த கதைகள் இங்கிருந்து வருகின்றன.

பழைய சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியில் ஐந்து தோட்டாதான், ஆறு அல்ல. ஹேமர் ஊசி தோட்டாவின் மேலேயே உட்காரும். கீழே விழுந்தால் வெடிக்கும். ஒன்று போட்டு, ஒன்று விட்டு, நான்கு போட்டு, ஹேமரை முழுக்க இழுத்து மெல்ல இறக்கினால் அது காலி அறைமேல் வந்து நிற்கும்.

1950-களின் தொடக்கம் வரை செய்த ராணுவத் தோட்டாக்களில் பலவற்றின் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) சுட்டபின் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பை விட்டுச் செல்லும். எண்ணெயில் உப்பு கரையாது. சுட்ட அன்றே வெந்நீரால் குழலைக் கழுவி, நன்றாக உலர்த்தி, பிறகு எண்ணெய். துப்பாக்கியில் தண்ணீரா என்று கேட்காதீர்கள், இதற்கு மருந்து அதுதான்.

எண்கள் ‘பொருந்த’ வேண்டும் என்பது என்ன?

லூகரில் முழுப் பதிவெண் சட்டத்திலும், அதன் கடைசி இரண்டு இலக்கம் சின்னச் சின்னப் பாகங்களிலும் பொறித்திருக்கும். எல்லாம் ஒத்துப்போனால் பாகம் மாறவில்லை என்று அர்த்தம். மேகசினின் அடியில் உள்ள எண்ணும் ஒத்தால் விலை தனி.

.45 ராணுவப் பிஸ்டலில் இந்தக் கணக்கு நடக்காது. ஆயுதச்சாலைகளில் குவியலாகப் பிரித்து, கழுவி, கிடைத்ததைக் கிடைத்ததோடு மாட்டினார்கள். கோல்ட் சட்டத்தில் இன்னொரு தயாரிப்பாளரான ரெமிங்டன் ராண்டின் ஸ்லைடு இருந்தால் அது மோசடி ஆகாது. அகஸ்டா ஆயுதச்சாலையின் ‘ஏஏ’ முத்திரை போன்ற மறுசீரமைப்பு முத்திரை பக்கத்தில் இருக்கிறதா பாருங்கள்.

கட்டணம் கட்டினால் பழைய பேரேட்டைப் பார்த்து, எந்தத் தேதியில் எந்தக் கடைக்கு அனுப்பியது என்று எழுதித் தரும் வசதி கோல்ட்டுக்கும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனுக்கும் உண்டு. போர்க் கொள்ளைப் பொருளாக வந்தது என்றால் தளபதி கையெழுத்திட்ட அனுமதிச்சீட்டு டிரங்குப் பெட்டி அடியில் கிடக்கிறதா என்று தேடுங்கள். ‘தாத்தா ஜெர்மன் அதிகாரியிடமிருந்து எடுத்தது’ என்ற வாய்ச்சொல்லுக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. அந்தத் துண்டுக் காகிதத்துக்குக் கொடுப்பார்கள். ராணுவக் காகிதமும் துப்பாக்கியும் ஒரே பெட்டியில் வேண்டாம், எண்ணெய் இறங்கும்.

தந்தக் கைப்பிடி இருக்கிறது.

வைத்திருக்கலாம், பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். விற்பதுதான் சிக்கல்: 2016 முதல் ஆப்பிரிக்க யானைத் தந்த வியாபாரத்துக்கு அமெரிக்காவில் கடும் கட்டுப்பாடு. நூறாண்டுப் பழமையை நிரூபிக்கும் காகிதம் கேட்பார்கள். தந்தம்போல் தெரிந்து, திறந்தால் கற்பூரம்போல வாசம் வந்தால் அது செல்லுலாய்டு. சிதையும்போது அமில ஆவி விட்டுப் பக்கத்து எஃகைத் துருவாக்கும், கழற்றித் தனியே வையுங்கள்.

உரிமையாளர் இறந்துவிட்டால்?

1968-ஆம் ஆண்டு கூட்டாட்சிச் சட்டப்படி வேறு மாநிலத்தவருக்கு நேரடியாகத் துப்பாக்கி கைமாற்ற முடியாது, உரிமம் பெற்ற வியாபாரி வழியாகப் போக வேண்டும். உயிலின்படியோ வாரிசுரிமையிலோ வருவதற்கு இதில் விலக்கு உண்டு. பெறுபவர் துப்பாக்கி வைத்திருக்கத் தடைசெய்யப்பட்டவராக இருக்கக் கூடாது. 1898-க்குள் செய்யப்பட்டவை கூட்டாட்சிச் சட்டத்தில் பழம்பொருள் கணக்கு.

மாநிலச் சட்டம் தனி. நியூயார்க்கில் கைத்துப்பாக்கி விஷயத்தில் உயில் நிறைவேற்றுபவருக்கு 15 நாட்கள்தான். கலிஃபோர்னியாவில் வாரிசு 30 நாட்களுக்குள் அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். துக்க வீட்டில் இதெல்லாம் யாருக்கும் நினைவு வராது. உயிரோடு இருக்கும்போதே பதிவெண், அளவுகோலோடு எடுத்த படம், யாருக்குப் போக வேண்டும் என்ற பெயர், மூன்றையும் ஒரே தாளில் எழுதி வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள். காப்பீட்டையும் பாருங்கள்: வழக்கமான வீட்டுக் காப்பீடு பலவற்றில் துப்பாக்கித் திருட்டுக்கு 2,500 டாலர் அளவில் உச்சவரம்பு இருக்கும். ஒரு நல்ல பைத்தானுக்கே அது பற்றாது.

இந்தியாவில் தாத்தாவின் ரிவால்வருக்கு இதே விதிகளா?

இல்லவே இல்லை. இங்கே 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். உரிமம் இல்லாமல் ஒரு நாள்கூட வைத்திருக்க முடியாது. உரிமதாரர் இறந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, வாரிசு தன் பெயரில் உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2016 விதிகளின்படி, உரிமதாரருக்கு 70 வயதானாலோ அவர் 25 ஆண்டு வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றிக்கொடுக்க வழி உண்டு. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான். பரம்பரைச் சொத்தாக வந்தாலும் அதே இரண்டு. 9 மி.மீ. போன்ற ராணுவத் தோட்டா அளவுகள் தடைப்பட்டியலில் இருப்பதால், பழைய பிஸ்டலின் பேரலில் என்ன அளவு பொறித்திருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு விண்ணப்பத்தை நிரப்புங்கள்.